பத்தில் ஒன்பது

சுவரில் பச்சைக் கோடும் சிவப்புக் கோடும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தபோது, கடையில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்படி ஒரு பொருத்தத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை. பிலோமினா டீச்சருக்கு மட்டும் எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

பச்சைக் கோடு அவளுடைய வண்டியின் குணக்கோடு. சிவப்பு, சம்சாத் அக்கா அலமாரியிலிருந்து எடுத்து மேடைமேல் வைத்த ஒரு பழைய கலத்தினுடையது. பாலக்கரையில் கலப்பொருத்தம் பார்க்கிற கடைகள் வரிசையாக இருந்தாலும் சம்சாத் அக்கா கடையில்தான் கூட்டம். அவள் எதையாவது தலையில் கட்டி அனுப்புகிற ஆள் இல்லை. இருப்பதை இருக்கிறபடி சொல்லிவிடுவாள், அதுவும் உரக்க.

"வோல்ட்டு ஒத்துப்போகுது. செருகி ஒத்துப்போகுது. பெட்டியும் உங்க வண்டிக் கூட்டுல கச்சிதமா உக்காருது," என்று அக்கா விரல் மடக்கினாள். "அதெல்லாம் யாருக்கு வேணும்னாலும் ஒத்துப்போகும் டீச்சர். குணம்தான் ஒத்துப்போகாது. உங்களுக்குப் பத்துக்கு ஒன்பது விழுந்திருக்கு."

குணம் என்றால் என்னவென்று திருச்சியில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். பழைய காலத்து பேட்டரிகள் வீட்டு வாசலில் நின்றபடியே தீப்பிடித்து எரிந்து, போதும் போதும் என்றான பிறகு, அரசாங்கம் அவற்றுக்குத் தடைபோட்டுப் பழகுகலத்தைக் கொண்டுவந்தது. கலத்துக்குள் இருப்பது ஒரு கூழ். ஓட்டுகிறவர் கைப்பிடியை முறுக்குகிற விதத்தைப் பார்த்து மின்சாரம் அந்தக் கூழுக்குள் தனக்கு வாய்க்கால் வெட்டிக்கொள்ளும். நிதானமான கைக்கு அகலமான, சமமான வாய்க்கால். வெடுக்கென்று முறுக்கி வெடுக்கென்று பிரேக் பிடிக்கிற கைக்கு ஒடுக்கமாய், கோணல்மாணலாய். ஓரிரண்டு வருஷத்தில் கூழ் இறுகிவிடும். அப்புறம் அந்தக் கலமும் சரி, அதோடு சேர்ந்து பழகிய வண்டிமூளையும் சரி, வேறு கைக்கு வளைந்து கொடுக்காது.

சங்கடம் எங்கே என்றால், புதுக் கூழ் புது வண்டிகளுக்கே போதவில்லை. பழைய வண்டியின் கலம் செத்துப்போனால், யாரோ விற்றுவிட்டுப் போன பழைய கலங்களில் தன் குணத்தோடு ஒத்துப்போவதைத் தேடிப் பிடிக்க வேண்டும். பொருந்தாததை மாட்டினால் சூடேறி வண்டி கருகிவிடும். கோடுகளைப் பத்து இடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்றுதான் கம்பெனிக்காரன் சொன்னான். நம் ஆட்களிடம் போய்ப் பத்து இடத்தில் பொருத்தம் பார் என்று சொன்னால் சும்மா இருப்பார்களா? நல்ல நாள் பார்த்தார்கள். தனியாக வராமல் துணைக்கு இரண்டு பேரோடு வந்தார்கள். கலம் அமைந்துவிட்டால் கடையில் இருக்கிற எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார்கள். கலத்தின் பழைய சொந்தக்காரர் யார், எந்தப் பக்கம், என்ன வேலை என்று சபையில் வைத்துச் சொல்ல வேண்டும் என்பதும் வழக்கமாகிவிட்டது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற பிலோமினாவும் நாள் பார்த்து, புருஷன் சூசைராஜையும் கூட்டிக்கொண்டு, கற்கண்டுப் பொட்டலத்தோடுதான் வந்து உட்கார்ந்திருந்தாள்.

சம்சாத் அக்கா கோட்டைப் படிக்க ஆரம்பித்தாள். இந்தக் கைக்குக் காத்திருக்க வராது, சிக்னலில் பச்சை விழுவதற்குள் முறுக்கிவிடும் என்றாள். முன்னால் ஒருத்தர் மெதுவாகப் போனால் பொறுக்காது, கிடைத்த சந்தில் நுழையும் என்றாள். விளக்குக்குச் செலவான மின்சாரத்தைவிட ஹாரனுக்குச் செலவானது ஜாஸ்தி என்றதும் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சூசைராஜும் சிரிக்கப் பார்த்து, மனைவியின் முகத்தைக் கண்டு வாயை மூடிக்கொண்டார்.

பிலோமினா ஶ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் உதவித் தலைமையாசிரியை. காலை அணிவகுப்பில் அவள் மேடை ஏறினால் காக்காய்கூடக் கத்தாது. ஓடாதே, முண்டாதே, வரிசையில் வா என்று தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள். வண்டியில் ஏறினால் அவள் கை என்ன செய்யும் என்பது இத்தனை வருஷமாக அவளுக்கும் வண்டிக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. தெரிந்த முகம் ஒன்று எதிரே வந்தால் போதும், கை தானாகத் தளர்ந்துவிடும். முகம் கடந்து போனதும் பழையபடி முறுக்கும்.

அந்த மானம் போனதுகூடப் பெரிதில்லை. அடுத்து சம்சாத் அக்கா வழக்கப்படி பழைய சொந்தக்காரர் பேரைச் சொன்னாளே, அப்போதுதான் பிலோமினாவுக்கு உடம்பு குப்பென்று வியர்த்தது. பேர் இளவழகன். வேலை, பார்சல் கொண்டு கொடுப்பது. வண்டி ஓட்டிய பக்கம், காவிரித் தோட்டம் குடியிருப்பு.

காவிரித் தோட்டம் அவள் குடியிருக்கிற இடம். அங்கே வாசல் கதவில் ஒரு இனங்காணி உண்டு. பேர் அது, எல்லாரும் கேட்டு என்றுதான் சொல்வார்கள். வருகிற வண்டியின் கலத்தைத் தூரத்திலிருந்தே படித்துவிடும். குடியிருப்பவருடைய கலமாக இருந்தால் பேர் சொல்லி வணக்கம் வைத்துத் திறக்கும். அவர்கள் குணத்தையெல்லாம் கேட்காது. வெளியாள் கலம் என்றால் எடைபோடும். இளவழகன் பார்சல் மூட்டையோடு பறந்து வருகிறான், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் யாரையாவது சாய்த்துவிடுவான் என்று பேச்சு வந்தபோது, அவன் கலத்தை உள்ளே விடக்கூடாது என்று குடியிருப்புச் சங்கத்துக்கு மனு எழுதியது யார்? பிலோமினா டீச்சர்தான். இப்படிப்பட்ட குணம் பிறவியிலேயே வருவது, சொல்லித் திருத்த முடியாது என்றுகூட எழுதியிருந்தாள். கேட்டு அவனை நிறுத்தியது. அவன் வண்டியை வெளியே விட்டுவிட்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பிளாக் பிளாக்காக நடந்தான். கொஞ்சநாளில் ஆள் வருவது நின்றுபோனது. அப்பாடா என்றார்கள், அவளும்தான்.

வேறு கலம் இருக்கிறதா என்று பிலோமினா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். ஒரு கோயில் கணக்கருடைய கலம் இருந்தது, மூன்று பொருத்தம். ஒரு நர்ஸம்மாவுடையது, இரண்டு.

"கோட்டைக் கொஞ்சம் சரிபண்ணி எழுத முடியாதா அக்கா?" என்று கேட்டேவிட்டாள். ஜாதகத்தில் செய்வதில்லையா, அதுபோலத்தான் நினைத்தாள்.

"எழுதலாம். வண்டி எரியும்," என்றாள் சம்சாத் அக்கா. "இந்த ஜில்லாவுல உங்களுக்கு இருக்கறது இந்த ஒரு கலம்தான் டீச்சர். எனக்கு ஆச்சரியமே அதுதான், ரெண்டு பேர் கையும் ஒரே கை."

கலத்தை மாட்டினால் மட்டும் வேலை முடியாது. வண்டிமூளை புதுக் கலத்தை ஏற்றுக்கொள்ள, பழைய சொந்தக்காரர் முன்னால் உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்ட வேண்டும், புதுச் சொந்தக்காரர் பின்னால் உட்கார வேண்டும். கைமாற்று ஓட்டம் என்று அதற்குப் பேர். சம்சாத் அக்கா ஆள் அனுப்பி இளவழகனை வரவழைத்தாள். முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும், சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். பிலோமினாவைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றான். பிறகு வணக்கம் டீச்சர் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தான். மனு யார் எழுதியது என்று அவனுக்குத் தெரியும். தெரியும் என்பது அந்த ஒரு நொடியிலேயே அவளுக்கும் தெரிந்துவிட்டது.

பாலக்கரையிலிருந்து மெயின்கார்டு கேட் வரை போய்த் திரும்ப வேண்டும். பெரிய கடைவீதிக் கூட்டம். புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே பிலோமினாவுக்கு ஒரு விநோதம் நடந்தது. அவன் பிரேக் பிடிப்பதற்கு முன்னாலேயே அவளுடைய கால் அழுந்தியது. முன்னால் ஒரு ஆட்டோவுக்கும் லாரிக்கும் நடுவே இடுக்கு தெரிந்தது, இப்போ நுழை என்று அவள் நினைத்தாள், அவன் நுழைந்தான். வலப்பக்கம் சாய வேண்டிய இடத்தில் இரண்டு உடம்பும் சேர்ந்தே சாய்ந்தன. இருபது வருஷம் சேர்ந்து வாழ்ந்த சூசைராஜோடு இப்படி ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அவளை அறியாமல் மனசு துள்ளியது. துள்ளியதே என்று அடுத்த நிமிஷம் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

வழியில் ஒரு தள்ளுவண்டியை உரசாமல் கடந்தார்கள். கடந்த பிறகு பின்னால் ஏதோ சரிந்த சத்தம் கேட்டது. இளவழகன் ஓரமாக நிறுத்தி இறங்கிப் போனான். தள்ளுவண்டியிலிருந்து எலுமிச்சம்பழக் கூடை கவிழ்ந்திருந்தது. அவர்கள் வண்டி இடித்துக் கவிழ்ந்ததல்ல, அது தானே சரிந்தது. அவன் குந்தி உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே உருண்டவற்றையெல்லாம் பொறுக்கிக் கூடையில் போட்டான். பிலோமினா வண்டியில் உட்கார்ந்தபடியே, இவன் ஏன் இப்படி நேரத்தைக் கடத்துகிறான் என்று முணுமுணுத்தாள். பத்தாவது பொருத்தம் எங்கே விழாமல் போனது என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய, இறங்கிப் போகக் கால் வரவில்லை.

அவன் திரும்பி வந்ததும், பேசாமல் இருப்பது சங்கடமாக இருந்ததால், "ஏன் தம்பி இவ்வளவு வேகமா ஓட்டறீங்க?" என்று கேட்டாள்.

"சொன்ன நேரத்துக்குள்ள கொடுக்கலைன்னா அந்தப் பார்சல் காசு என் தலையில விழும் டீச்சர். அந்த மணி காதுக்குள்ள அடிச்சுக்கிட்டே இருக்கும். படுத்தாலும் அடிக்கும்." வண்டியைக் கிளப்பிவிட்டுத் திரும்பாமலே கேட்டான். "நீங்களும் ஸ்கூலுக்கு லேட்டாயிடும்னுதானா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அவள் ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. காவலாளி வருவதற்குள் போய் நிற்கிறவள். அவளைத் துரத்துகிற மணி எதுவும் கிடையாது. முன்னால் யாராவது போய்க்கொண்டிருந்தால் அவளுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். அவனுக்குப் பிழைப்பு. தனக்கு என்ன கேடு என்று யோசித்துக்கொண்டே கடைக்குத் திரும்பி வந்து சேர்ந்தாள்.

அவனிடம் மெதுவாக விசாரித்து மற்றதையும் தெரிந்துகொண்டாள். கேட்டுக்கு வெளியே வண்டியை விட்டு நடந்ததில் பார்சல்கள் தாமதமாயின. கம்பெனி அவனை வேலையை விட்டு எடுத்துவிட்டது. கலத்தை விற்றான். கலம் போன வண்டி இரும்புக்கடைக்குத்தான், அதையும் போட்டுவிட்டான். மனைவி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றும், அவள் திரும்பி வருவதற்குள் ஏதாவது வேலையில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றும் அவன் சொன்னான். ஒரு வண்டி இருந்தால் பழைய கம்பெனியே எடுத்துக்கொள்ளுமாம். குற்றம் சொல்கிற தொனியே இல்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. கற்கண்டுப் பொட்டலத்தை யாருக்கும் கொடுக்காமல் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டாள்.

கேட்டு திறக்கவில்லை. இந்தக் கலத்துக்கு அனுமதி இல்லை என்று பெண் குரலில் பணிவாகச் சொன்னது. பின்னால் நாலைந்து வண்டிகள் வந்து நின்றன. சங்கச் செயலாளர் மகாலிங்கம் சார் ஓடிவந்தார். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர், டீச்சர் என்றால் அவருக்குத் தனி மரியாதை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, கலத்தின் எண்ணைத் தடைப்பட்டியலில் இருந்து எடுத்து அவள் பேரில் பதிந்து கொடுத்தார். ஒரு நிமிஷ வேலை.

பிலோமினா அங்கேயே நின்று, அந்தப் பையன் மேலிருக்கிற தடையையும் எடுத்துவிடலாமே சார் என்றாள். அவன் கலம் தனக்குப் பொருந்தியிருக்கிறதே, அப்படியானால் அது அவ்வளவு மோசமான கலமாக இருக்க முடியாதே என்றாள். தன் கை எப்படிப்பட்ட கை என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தாள், நாலைந்து தெரிந்த முகங்கள் நின்றன, வாய் தளர்ந்துவிட்டது.

"உங்க நல்ல மனசு டீச்சர்," என்றார் மகாலிங்கம் சார். "ஆனா அவன்கிட்ட இப்போ கலமே இல்லையே. இல்லாத கலத்துக்கு எதுக்குத் தடையை நீக்கணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நியாயம்தானே என்றார்கள்.

இரண்டு மூன்று நாள் பிலோமினாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் ஒரு வழி தோன்றியது. காலையில் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தால் சாயங்காலம் வரை வண்டி மரத்தடியில் சும்மாதானே நிற்கிறது? இந்த ஜில்லாவிலேயே ஒரே கலத்தை இரண்டு பேர் ஓட்ட முடியும் என்றால் அது அவர்கள் இரண்டு பேர்தான். இளவழகனைக் கூப்பிட்டு மாற்றுச் சாவியைக் கொடுத்தாள். பள்ளிக்கூடம் விடுவதற்குள் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான் என்றாள். அவன் சாவியை வாங்கிக்கொண்டு, சரி டீச்சர் என்றான்.

முதல்நாள் அவன் காவிரித் தோட்டத்துக்குப் பார்சலோடு வந்தபோது கேட்டு அகலத் திறந்துகொண்டது. வணக்கம் பிலோமினா டீச்சர், நல்வரவு என்றது. காவலாளி சிரித்த சிரிப்பில் டீ கொட்டிவிட்டது. சேதி குடியிருப்பு முழுக்கப் பரவியது. மகாலிங்கம் சார் முகம் சுளித்தார், ஆனால் அவனை நிறுத்த வேண்டுமானால் டீச்சரை நிறுத்த வேண்டும். கேட்டுக்கு இரண்டு பேரும் ஒன்று. அதனால் பேசாமல் விட்டார். இளவழகனும் உள்ளே வந்தால் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினான், இன்னொருத்தர் பேரில் வருகிறோம் என்ற பயம். டீச்சரின் இரக்கத்தைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. மார்க்கெட்டில், மாடிப்படியில், கோயில் வாசலில், எங்கே பார்த்தாலும் ஒருத்தர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உங்களைப் போல உண்டா என்றார். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. நான்தான் அவன் பிழைப்பைக் கெடுத்தேன் என்று சொன்னால்கூடத் தன்னடக்கம் என்பார்கள். அதையும் சொல்லிப் பார்த்தாள். தன்னடக்கம் என்றுதான் சொன்னார்கள்.

நாலு மாசம் இப்படியே போன பிறகு அந்த மழை வந்தது.

சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நல்ல தூறல். வண்டியோடு தொங்குகிற மழைச்சட்டையை மாட்டி, தலைக்கவசம் போட்டு வந்தாள். கேட்டு வணக்கம் சொல்லித் திறந்தது. மழை என்பதால் தெருவில் ஈ காக்காய் இல்லை. தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத தெரு எப்போதாவதுதான் கிடைக்கும். கை முறுக்கியது. மாவு மில் திருப்பத்தில் யாரோ குடையோடு சட்டென்று குறுக்கே வர, ஒடித்துத் திருப்பிக் கடந்துவிட்டாள். பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. கேட்டது, அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஏதோ பாத்திரம் என்று நினைத்தாள். வீட்டுக்குப் போய் மழைச்சட்டையை உதறிக் காயப்போட்டு, சூடாக டீ போட்டுக் குடித்தாள்.

மறுநாள் காலையில் எல்லாருடைய கைபேசியிலும் அதே சேதி. பி பிளாக் கமலவேணியை இடிக்கிற மாதிரி வந்து தள்ளிவிட்டு பார்சல்காரன் போய்விட்டான். இட்லி மாவு ரோடெல்லாம். மணிக்கட்டில் எலும்பு முறிவு. போகட்டும் என்று விட்டதற்கு இதுதான் பலனா?

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். இளவழகனையும் வரச் சொல்லியிருந்தார்கள். கமலவேணி கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மகாலிங்கம் சார் கேமராப் படத்தைச் சுவரில் ஓட்டினார். மழைச்சட்டை, தலைக்கவசம், அதே வண்டி. பாம்பு மாதிரி நெளிந்து போகிறது. கேட்டின் பதிவில் பிலோமினா டீச்சர் என்று இருந்தது, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் கேட்டுக்குத்தான் ஆள் வித்தியாசம் தெரியாதே.

பிலோமினா எழுந்து நின்றாள். மூன்று நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததால் தடுமாறவில்லை.

"அது இளவழகன் இல்லை. அந்த நேரத்துல வண்டி என்கிட்ட இருந்தது. நான்தான் ஓட்டினேன்."

கூடம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. பிறகு பின்வரிசையில் யாரோ ஐயோ பாவம் என்றார்கள். இப்படியும் ஒரு மனுஷியா, அவனைக் காப்பாற்றத் தன் தலையைக் கொடுக்கிறாளே என்று ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகாலிங்கம் சார் சுவரைக் காட்டி, இதைப் பாருங்கள் டீச்சர், இது நீங்களா, நீங்கள் இப்படி ஓட்டுவீர்களா, கேட்கிற எங்களுக்கே சிரிப்பு வருகிறது என்றார். பள்ளிக்கூடத்தில் போய் நேரத்தை விசாரியுங்கள் என்றாள். அவளுக்காக அங்கேயும் பொய் சொல்வார்கள் என்றார்கள். இளவழகன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். அவன் பேசினால் யார் நம்புவார்கள்?

பிலோமினாவுக்கு ஆத்திரம் வந்தது. "வெளியே வாங்க," என்றாள். "ஓட்டிக் காட்டறேன்."

எல்லாரும் எழுந்து பூங்காவைச் சுற்றி நின்றார்கள். அவள் புடவையைச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள். சுற்றிலும் தெரிந்த முகங்கள். வழக்கம்போல் கை தளரப் பார்த்தது. தளர விடவில்லை. முறுக்கினாள். பூங்காவை ஒரு சுற்று, இரண்டு சுற்று, நெளிந்து, உறுமி, திருப்பத்தில் ஒருத்தர் பதறிப்போய்ச் செடிக்குள் பாய்ந்தார். நாய்கள் குரைத்தன. வெடுக்கென்று பிரேக் அடித்து மகாலிங்கம் சார் காலடியில் வந்து நிறுத்தி இறங்கினாள். மூச்சு வாங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றாலும், ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இனி யாரும் கையைப் பிடித்துப் புகழ மாட்டார்கள்.

சுற்றி நின்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அவர்களுடைய டீச்சர் இப்படியா என்ற திகைப்பு, அதைத் தாங்க முடியாத தவிப்பு. மகாலிங்கம் சாருக்குத்தான் முதலில் முகம் தெளிந்தது.

"கலம்," என்றார். "அவன் கலம் இது. நாலு மாசமா இதுல உக்காந்து ஓட்டினதுல அவன் குணம் டீச்சருக்கு ஒட்டிக்கிச்சு."

கூட்டம் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. சேர்க்கை சரியில்லாவிட்டால் இப்படித்தான் ஆகும் என்றார்கள். அடுத்தவர் கலத்தை வாங்கினால் அடுத்தவர் வினையும் கூட வரும் என்றார் ஒருத்தர். அந்தக் கலத்தை இன்றைக்கே கழற்றி எறிய வேண்டும், டீச்சருக்கு நல்ல குடும்பத்துக் கலமாகப் பார்க்க வேண்டும், சங்கமே தேடிக் கொடுக்கும் என்றார் இன்னொருத்தர். கமலவேணி எழுந்து வந்து, கட்டில்லாத கையால் பிலோமினாவின் தோளைத் தடவி, நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சர், பாவம் என்றாள்.

கலம் யாருக்கும் குணத்தைக் கொடுக்காது, குணத்துக்கேற்ற கலம்தான் பொருந்தும் என்று பிலோமினாவுக்குத் தெரியும். சூசைராஜுக்கும் தெரியும், அவர் கடையில் கூட இருந்து கோட்டைப் பார்த்தவர். மகாலிங்கம் சாருக்கே கொஞ்சம் யோசித்தால் தெரியும். யோசிக்கத்தான் யாருக்கும் இஷ்டமில்லை.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர், எல்லாருக்கும் மனசு ஆறட்டும்," என்றார் மகாலிங்கம் சார். "இந்தக் கலம் வர்றதுக்கு முன்னாடி நீங்க எப்போவாவது இப்படி ஓட்டினதுண்டா?"

அவள் சூசைராஜைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளவழகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை கண்கள், எல்லாமே தெரிந்தவர்களின் கண்கள், எல்லாம் அவளிடம் ஒரே ஒரு பதிலைக் கெஞ்சின. அந்தப் பதிலைச் சொல்லிவிட்டால் நாளைக் காலையில் பழையபடி மேடை ஏறலாம். சொல்லாவிட்டால் இந்தப் பையன் மறுபடி இதே வாசலில் பார்சலோடு வரலாம். மனு எழுதியபோது இல்லாத வெட்கம், கடையில் சிரித்தபோது வந்த வெட்கம், புகழ்ந்தபோதெல்லாம் குத்திய வெட்கம், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. உண்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இல்லை," என்றாள்.

கூட்டம் பெருமூச்சு விட்டது. யாரோ உடனே கலத்தைக் கழற்றக் குனிந்தார்கள். அந்தப் பெருமூச்சோடு சேர்ந்து தன் நெஞ்சும் லேசானதை பிலோமினா உணர்ந்தாள். அப்படி லேசானதே, அதை நினைத்து அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. இத்தனை நாள் பட்ட வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இளவழகன் சட்டைப் பையிலிருந்து அவள் கொடுத்திருந்த மாற்றுச் சாவியை எடுத்து வண்டி இருக்கையின் மேல் வைத்தான். போகத் திரும்பியவன், நின்று, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான்.

"டீச்சருக்குக் கை நடுங்குது பாருங்க. கொஞ்சம் தண்ணி குடுங்க."

யாரோ ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார்கள். பிலோமினா டீச்சர் அதை வாங்கி முழுசாகக் குடித்தாள்.